அந்த 'பி'யை விட்டால் என்ன குற்றம்?

டவுட் என்ற சொல்லில் 'பி'யை விட்டுவிட்டாள் என்று அக்கா மகளுக்கு ஒரு பக்கம் இம்போசிஷன். "வாயில வராத எழுத்த எதுக்கு எழுதணும்னு கேட்டேன் சித்தி. சைலன்ட் லெட்டர், மனப்பாடம் பண்ணுன்னு சொல்லிட்டாங்க" என்கிறாள். பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

அந்த 'பி' ஆங்கிலேயன் வாயில் என்றைக்குமே இருந்ததில்லை! பிரெஞ்சிலிருந்து வந்த சொல் அது. பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் காலத்தில் 'பி' இல்லாமல்தான் எழுதினார்கள். லத்தீன் மூலத்தில் 'பி' இருக்கிறதே என்று பிற்பாடு படித்த மேதாவிகள் செருகி வைத்தார்கள். கடனைக் குறிக்கும் டெட் என்ற சொல்லுக்கும் இதே கதி. ஐலண்டில் நடந்தது இன்னும் அநியாயம். அது சுத்தமான பழைய ஆங்கிலச் சொல், லத்தீனோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. லத்தீன் வழி வந்த, தீவையே குறிக்கும் ஐல் என்ற வேறொரு சொல்லோடு குழப்பிக்கொண்டு அதில் ஒரு 'எஸ்'ஸைத் திணித்தார்கள். அவர்கள் செய்தது பிழை. நானூறு வருஷம் கழித்து மார்க் போவது இங்கே ஒரு குழந்தைக்கு!

எல்லா எழுத்தும் இப்படித் திணித்தது இல்லை. நைட் என்ற வீரனுக்கு முன்னால் நிற்கும் 'கே'யை ஒரு காலத்தில் வாய்விட்டே சொன்னார்கள். நடுவில் இருக்கும் 'ஜிஎச்' தொண்டையிலிருந்து வரும் ஒலியாக இருந்தது. நேம் என்பதை 'நாமெ' என்றும், டைம் என்பதை 'டீமெ' என்றும் சொன்ன காலம் அது. கிட்டத்தட்ட எழுதியபடியே படித்தார்கள். 1476-ல் காக்ஸ்டன் என்பவர் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை வைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்து உறைந்துகொண்டே வந்தது. அதே நூற்றாண்டுகளில் பேச்சில் நெடில் உயிரொலிகள் அத்தனையும் இடம் மாறிக்கொண்டிருந்தன. வாய் ஒரு பக்கம் போக, தாள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. 1755-ல் வந்த ஜான்சனின் அகராதி அதை மேலும் கெட்டிப்படுத்தியது.

மாற்றவே முடியாத வேதமா இது? அதுவும் இல்லை. அமெரிக்காவில் வெப்ஸ்டர் 1828-ல் தன் பெரிய அகராதியில் கலரிலிருந்து 'யு'வைத் தூக்கி எறிந்தார். ஒரு நாடே அப்படித்தான் எழுதுகிறது. நம் பிள்ளை எழுதினால் சிவப்பு மையில் சுழி.

பெரியவர்களையும் விடுவதில்லை இந்த ஊர். தமிழ் மீடியத்தில் படித்து வந்த ஒருவர் மீட்டிங்கில் எழுத்தைப் பார்த்து டெட்டை 'டெப்ட்' என்று சொல்லிவிட்டால் மேஜையைச் சுற்றி உதட்டைக் கடித்துச் சிரிக்கிறார்கள். அவர் கண்ணால் பார்த்ததைச் சொன்னார், அவ்வளவுதான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? சிரிக்கிறவருக்கு அந்த 'பி' எப்படி அங்கே வந்தது என்று தெரியுமா?

சொல்லிக்கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். 'கே'யை முன்பு உச்சரித்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். 'பி'யை யாரோ நடுவில் செருகினார்கள். வகுப்பில் இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகுமா? ஒரு பக்க இம்போசிஷனைத் திருத்துகிற நேரம்கூட ஆகாதே!