அஞ்சு தீவு வேண்டாம், ஒன்றை ஒழுங்காகக் காட்டுங்கள்

எங்கள் ஜொகூர் மாநிலக் குளுவாங்கில் இப்போது எந்தப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவைத் திறந்தாலும் ஒரு நீலக் கடல் படம். வெள்ளை மணல், முகக் கண்ணாடி மாட்டிய ஒரு பெண், பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘ஒரே நாளில் 5 தீவு’. கோயில் திருவிழா அறிவிப்புக்கும் துக்கச் செய்திக்கும் நடுவில் இது தொங்கிக்கொண்டிருக்கும். தனிப் படகு, உங்கள் குடும்பம் மட்டும், சாப்பாடு சேர்த்து, கண்ணாடி, காற்றுக் குழாய் எல்லாம் இலவசம். பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? பள்ளி விடுமுறைக்கு நாங்களும் அண்ணன் குடும்பமும் மாமாவும் மெர்சிங்குக்குக் கிளம்பிவிட்டோம். வந்ததிலிருந்து வயிறு எரிகிறது. வீட்டில் புலம்பிப் புலம்பி யாரும் காது கொடுப்பதில்லை, அதனால் இங்கே கொட்டுகிறேன்.

மெர்சிங் கடலைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டால் ஹரிமாவ், மென்சிரிப், ஊஜோங், தெங்கா, பெசார் என்று வரிசையாகத் தீவுகள். நம் ஊரிலிருந்து காஹாங், ஜெமாலுவாங் வழியாகச் செம்பனைக்கு நடுவில் ஒன்றரை மணி நேர ஓட்டம், அவ்வளவுதான். சிங்கப்பூர்க்காரன் எல்லை தாண்டி வருகிறான், நமக்குக் கொல்லைப்புறம். என் கோபமெல்லாம் அந்தக் கடலைக் கூறு போட்டு விற்கிற விதத்தின் மேல்.

மெர்சிங் படகுத்துறை, அதாவது ஜெட்டி, ஆற்றுக்குள் இருக்கிறது. ஆறு கடலில் சேரும் இடத்தில் ஆழம் கிடையாது. கடல் வற்றினால் படகு அடி தட்டும், வெளியே போக முடியாது. தியோமான் தீவுக்குப் போகிற ஃபெர்ரியே இதனால்தான் நாளுக்கு ஒரு நேரத்தில் புறப்படுகிறது. இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. என்றைக்கு எத்தனை மணிக்குக் கடல் ஏறும், எத்தனை மணிக்கு வற்றும் என்று வருடம் முழுவதுக்குமான அட்டவணை முன்கூட்டியே வந்துவிடுகிறது. கைப்பேசியில் தட்டினால் தெரியும். இதையே தொழிலாகச் செய்கிற ஏஜெண்டுக்குத் தெரியாமல் இருக்குமா?

ஆனால் எங்களிடம் சொன்னது என்ன? “காலையில ஏழரைக்கு ஜெட்டியில இருங்கக்கா, லேட்டானா போட்டு போயிரும்.”

விடியுமுன் எழுந்து, தூங்கும் பிள்ளைகளைத் தூக்கிக் காரில் போட்டு, நாசி லெமாக் பொட்டலத்தை மடியில் வைத்துப் பசியாறிக்கொண்டே ஓடினோம். போய்ப் பார்த்தால் படகெல்லாம் சேற்றில் சாய்ந்து படுத்திருக்கிறது. படகுக்காரர் எதிர்க் கடையில் நிதானமாக ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார். கேட்டால், தலையைக்கூட நிமிர்த்தாமல், “பெலும் லாகி காக், ஆயிர் சூருட்.” தண்ணீர் வற்றிக் கிடக்கிறதாம், இன்னும் நேரம் ஆகுமாம். படகு நகர்ந்தபோது பத்து மணி தாண்டிவிட்டது. எங்களைப் போலவே நாலைந்து குடும்பம் படியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டது. எல்லாரையும் விடியற்காலையில் கொண்டுவந்து குவித்துவிட்டால் ஏஜெண்டுக்கு வசதி, யாரை எந்தப் படகில் வேண்டுமானாலும் திணிக்கலாம். எங்கள் படகிலும் ஜொகூர் பாருவிலிருந்து வந்த இரண்டு பேர் ஐஸ் பெட்டியோடு ஏறினார்கள். உங்கள் குடும்பம் மட்டும் என்றீர்களே என்று ஃபோன் போட்டால், “நல்ல பிள்ளைங்கதான்கா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.” நல்ல பிள்ளைகள்தான், நான் மறுக்கவில்லை. கரிபாப்கூடக் கொடுத்தார்கள்.

இப்போது கணக்குப் போடுங்கள். கடல் ஏறுகிறவரை கிளம்ப முடியாது. சாயங்காலம் மறுபடியும் வற்றுமுன் திரும்பியாக வேண்டும். போக வர ஓடும் நேரம், தீவுக்குத் தீவு ஓடும் நேரம், சாப்பாட்டு நேரம் எல்லாம் போனால் மிச்சம் எவ்வளவு? அதை ஐந்தால் வகுத்தால்? ஓர் இடத்துக்கு அரை மணி தேறாது. தேறாது என்று தெரிந்தேதான் அஞ்சு என்று போடுகிறார்கள். பக்கத்து ஏஜெண்டு நாலு என்று போட்டால் இவர் அஞ்சு, அவர் அஞ்சு என்றால் இவர் ஆறு. தண்ணீரில் எவ்வளவு நேரம் இருப்பீர்கள் என்று எந்த விளம்பரத்திலாவது பார்த்திருக்கிறீர்களா? ராவா தீவு எங்களுக்கு எப்படிக் கிடைத்தது தெரியுமா? படகு வேகத்தைக் குறைத்தது, படகுக்காரர் கையை நீட்டி “இத்து ராவா” என்றார், அதுதான் ராவாவாம், மறுபடி வேகம் எடுத்தது. ஒரு தீவு முடிந்தது!

எங்கள் மாமா கதையைச் சொன்னால்தான் இந்த அரை மணியின் லட்சணம் புரியும். அவர் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்றவர். பால்மரமும் செம்பனையும் பார்த்த அளவுக்குக் கடலைப் பார்த்ததில்லை. ஆனால் வயதுக்கு மீறிய ஆர்வம், மீன் பார்க்க வேண்டுமென்று புதுக் கால்சட்டை வாங்கிக்கொண்டு வந்தார். நல்ல கனமான மீசை வேறு. முகக் கண்ணாடியின் ஓரம் மூக்குக்குக் கீழே தோலோடு ஒட்டி உட்கார வேண்டும், மீசை இருந்தால் அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும். இதைக் கடலில் பிழைக்கிறவர்தானே சொல்ல வேண்டும்? கண்ணாடி பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்தால், கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். அங்கே யாரும் இதைச் சொல்லவில்லை. ஒரு கூடையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள், கிடைத்ததை எடுத்துக்கொள் என்று. வெயிலில் கிடந்து ஓரம் விறைத்துப்போன கண்ணாடிகள். ஒன்றில் வார் அறுந்து முடிச்சுப் போட்டிருந்தது. வாயில் வைக்கிற குழாயை முந்தின ஆளுக்குப் பிறகு கழுவினார்களா என்று கேட்க எனக்கே தைரியம் வரவில்லை.

மாமா ஏணியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முகத்தை முக்கினார். கண்ணாடிக்குள் தண்ணீர். பழக்கதோஷத்தில் மூக்கால் மூச்சிழுத்தார், உப்புத் தண்ணீர் தலைக்கு ஏறியது. இருமிக்கொண்டே மேலே வந்து கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி. அண்ணன் மகன் அவர் முதுகைத் தாங்கிக்கொண்டு, “வாயால தாத்தா, வாயால” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பொறுமையான பையன். கடைசியில் மூச்சு ஒருவழியாகப் பிடிபட்டு, மனிதர் ஏணியிலிருந்து ஒரு கையை எடுத்தார் பாருங்கள், மேலே விசில். “செப்பாட் பாக்சிக், செப்பாட்!” சீக்கிரம் ஏறு, அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். அடுத்த இடத்திலும் இதேதான், அங்கே நீரோட்டம் வேறு இழுத்தது. அதற்குப் பிறகு அவர் இறங்கவே இல்லை. துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் பார்த்ததெல்லாம் படகின் பாசி பிடித்த வயிற்றை. ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் விட்டிருந்தால் அந்த மனிதர் மீனோடு பேசிவிட்டு வந்திருப்பார்.

இன்னொன்றையும் கேட்கிறேன். நம் ஆட்களில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? “ஆத்துப் பக்கம் போனே, காலை ஒடைச்சிருவேன்” என்று சொல்லித்தானே தோட்டத்தில் நம்மை வளர்த்தார்கள். பள்ளியிலும் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அப்படி இருக்க, பணம் கட்டியதிலிருந்து திரும்பி வரும்வரை ஒருத்தராவது “யாருக்கு நீச்சல் தெரியாது?” என்று கேட்க வேண்டாமா? கோழியா மீனா என்று மூன்று தடவை கேட்டார்கள், இதைக் கேட்கவில்லை.

உயிர்காப்புச் சட்டை கொடுத்தார்கள், கொடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பாதிச் சட்டையில் கொக்கி உடைந்து ராஃபியா கயிறு கட்டியிருந்தது. சின்னப் பிள்ளை அளவில் ஒன்றுகூட இல்லை. பெரியவர் சட்டையைப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் சட்டை மேலே ஏறும், பிள்ளை கீழே நழுவும். என் மகள் காதுக்கு மேலே அது நின்றது. நான் அவளை இறக்கவில்லை, அழுதாலும் பரவாயில்லை என்று மடியில் பிடித்துக்கொண்டேன். 2025 ஜூனில் பெர்ஹெந்தியான் தீவருகே ராத்திரியில் படகு கவிழ்ந்து மூன்று பேர் போனார்களே, அதில் இரண்டு பேர் சிறுமிகள், மறந்துவிட்டதா? இதே மெர்சிங்கில், 2022 ஏப்ரலில், தோக்கோங் சங்கோல் என்ற குட்டித் தீவுப் பக்கம் முக்குளித்துவிட்டு மேலே வந்தவர்கள் படகைக் காணாமல் நாள்கணக்கில் மிதந்தார்கள், ஒரு பையன் உயிரோடு திரும்பவில்லை. அந்த முக்குளித்தவர்களெல்லாம் முறையாகப் பயிற்சி எடுத்தவர்கள், எடுத்துக்கொண்டிருந்தவர்கள். நம்மைப் போல ஏணியைக் கட்டிப்பிடிக்கிற கூட்டத்துக்கு எவ்வளவு கவனம் வேண்டும்?

பவளத்தின் கதி இதைவிடக் கேவலம். இந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள கடல் சட்டப்படி கடல் பூங்கா. 1985 மீன்வளச் சட்டத்தில், பூங்காவுக்குள் பவளத்தின் மேல் நங்கூரம் போடக்கூடாது என்றே இருக்கிறது. படகைக் கட்டுவதற்கு மிதவை இருக்கும். எங்கள் ஆள், மிதவையில் வேறு படகு கட்டியிருந்தது என்று பொத்தென்று நங்கூரத்தைத் தூக்கிப் போட்டார். காத்திருந்தால் அஞ்சாவது தீவு போய்விடும் அல்லவா! கிளை விட்டு வளரும் பவளம்கூட வருடத்துக்குப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர்தான் நீளும், பாறை மாதிரி உருண்டு வளரும் வகை ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. அதன் மேல் இரும்பு விழுகிறது. அப்புறம் நீந்தத் தெரியாத ஜனம், கால் வைக்க இடம் தேடி அதன் மேலேயே ஏறி நிற்கிறது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, மிதக்கச் சொல்லிக் கொடுக்க யாருக்கும் நேரமில்லை.

ஆனால் மீனுக்கு ரொட்டி போடுகிற கூட்டத்தை என்னால் மன்னிக்க முடியாது. பை பையாக வெள்ளை ரொட்டி! போடாதே என்று சொன்னால், “மீனு சாப்பிட்டா உனக்கென்ன?” கூடவே ஒலிபெருக்கியில் குத்துப்பாட்டு. கடலுக்கு வந்து கடலைக் கேட்காமல் போகிறவர்களை என்ன செய்வது? இதில் நம் ஆட்களும் சேர்த்தி.

படகுக்காரரை மட்டும் பிடித்துத் திட்டவும் மனம் வரவில்லை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று, கடல் பொங்கும், தொழில் படுத்துவிடும். மிச்ச மாதங்களில் சம்பாதித்தால்தான் உண்டு. போதாக்குறைக்கு 2025 ஜனவரியிலிருந்து ஜொகூரிலும் வார விடுமுறை சனி ஞாயிறு ஆகிவிட்டது, எல்லா ஊர்க் கூட்டமும் அதே இரண்டு நாளில் வந்து விழுகிறது. ஆனால் அந்த ஏஜெண்டு? குளுவாங்கில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து படம் அனுப்பி முன்பணம் வாங்குகிறவர். 1992 சுற்றுலாத் தொழில் சட்டப்படி, பயணம் ஏற்பாடு செய்து விற்க அமைச்சின் உரிமம் வேண்டும். உரிம எண் கேட்டேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை. பாதிப் பணமாவது திருப்பிக் கொடுங்கள் என்றதற்கு மட்டும் வந்தது: “அஞ்சு இடமும் காட்டியாச்சேக்கா.”

காட்டியாச்சாம்!

அண்ணி சொல்கிறார், “விடுங்க, பிள்ளைங்க சந்தோசமாத்தானே இருந்தாங்க.” பிள்ளைகள் வீட்டுக் குழாயடியில் விட்டாலும் சந்தோஷமாகத்தான் இருக்கும், அதற்கு இவ்வளவு பணமா? நாம் இப்படி விட்டு விட்டுத்தான் இவர்களுக்குக் குளிர்விட்டுப் போயிற்று. போனோம், படம் பிடித்தோம், முகநூலில் போட்டோம், அஞ்சு தீவு பார்த்தாச்சு என்று எழுதினோம். அதைப் பார்த்து அடுத்த குடும்பம் பணம் கட்டுகிறது.

நான் விடப்போவதில்லை. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்குப் பதிய 5 ரிங்கிட்தான், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. பணம் அனுப்பிய ரசீதும் ‘உங்கள் குடும்பம் மட்டும்’ என்று அவர் எழுதியதும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

மாமா இன்னும் மீன் பார்க்க வேண்டும் என்கிறார், மீசையை எடுக்க மாட்டாராம். அதனால் குளுவாங், காஹாங் பக்கத்தில் யாருக்காவது நல்ல படகுக்காரரைத் தெரிந்தால் சொல்லுங்கள். ஒரே ஒரு தீவு போதும். கடல் ஏறும் நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும், பிள்ளைக்குப் பொருந்துகிற சட்டை வேண்டும், தண்ணீரில் இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். காசு கூடக் கேட்டாலும் தருகிறேன், விசில் மட்டும் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லுங்கள்.