மேகம் இறங்கினால் வில்லனுக்கும் கண் தெரியாது

கொடைக்கானலில் மழைக்கால ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுகிறோம். சூதாட்டம் அல்ல. 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொடங்கிவைத்த, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதை சொல்லும் விளையாட்டு. கதையை நடத்துகிறவன் நான். ஆகவே இந்தப் பதிவின் முதல் குற்றவாளியும் நான்தான்.

எங்கள் கதையின் வில்லன் ஒரு சுங்கக்காரன். மலைக்கு உப்பு ஏறும் கணவாயை வளைத்துப்போட்டு, பொதிமாட்டுக்கு இத்தனை என்று கறந்துகொண்டிருந்தவன். இரண்டு மாதம் துரத்திய பிறகு ஒருநாள் சிக்கினான். கரண்ட் இல்லை. எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில், எவர்சில்வர் தட்டில் பகடை உருண்டது. எங்களில் இளையவள், கல்லூரி மாணவி, கத்தியை வீசினாள், இருபதுமுகப் பகடையில் உச்ச எண்ணான இருபது விழுந்தது. சுங்கக்காரனுக்கு மிச்சம் 11 உயிர்ப்புள்ளிகள்; அவை தீர்ந்தால் ஆள் காலி. நானோ அவனை நம்பி இன்னும் மூன்று வாரத்துக்குக் கதை எழுதி வைத்திருந்தேன். “திடீரென்று மேகம் இறங்குகிறது. விலகியபோது அவனைக் காணவில்லை” என்றேன்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே உண்மையிலேயே எதிர்வீடு தெரியவில்லை. “அண்ணா, மேகம் இறங்கினால் எல்லோருக்கும்தானே வழி தெரியாது? அவனுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?” என்று கேட்டுவிட்டு, பகடையைச் சுருக்குப்பையில் போட்டுக் கயிற்றை இழுத்தாள். அன்றைய ஆட்டம் அதோடு சரி.

வில்லன் ஓடலாம். ஓடவும் வேண்டும். சாகும்வரை நின்ற இடத்திலேயே வெட்டு வாங்குகிறவன் வில்லன் அல்ல, வாழைமரம். ஆனால் அவன் ஓடுவது வேறு, நான் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுவது வேறு.

இந்த விளையாட்டின் 1981ஆம் ஆண்டு அடிப்படைப் பதிப்பில் ஒவ்வொரு எதிரிக்கும் மன உறுதி என்று 2 முதல் 12 வரை ஓர் எண் உண்டு. கூட்டத்தில் முதல் ஆள் சாய்ந்ததும், பிறகு பாதிப் பேர் விழுந்ததும், நடத்துகிறவர் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டுவார். (ஆறுமுகம் என்றதும் பழனிப் பக்கத்துக்காரனுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும்.) கூட்டுத்தொகை அந்த எண்ணைத் தாண்டினால் ஓட்டம், அல்லது சரண். அவன் எனக்கு வேண்டியவனா என்று பகடை கேட்பதில்லை.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் ரத்தக்காட்டேரி, உயிர்ப்புள்ளி தீர்ந்ததும் மூடுபனியாகிவிடும். அதுவும் என்னைப் போன்ற பித்தலாட்டம்தான் என்று தோன்றும். ஆனால் வெயிலிலோ ஓடும் நீரிலோ அந்த வித்தை பலிக்காது. இரண்டு மணி நேரத்துக்குள் தன் சவப்பெட்டிக்குப் போய்ச் சேராவிட்டால் அழிவுதான். பெட்டி இருக்கும் இடத்தை முன்பே மோப்பம் பிடித்தவர்கள் அங்கே போய்க் காத்திருக்கலாம். நான் இறக்கிய மேகத்துக்குக் கெடுவும் கிடையாது, பெட்டியும் கிடையாது. மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ் என்ற சூப்பர் ஹீரோ விளையாட்டு இன்னும் வெளிப்படை: நடத்துகிறவர் தன் இஷ்டத்துக்கு வில்லனைத் தப்பவிட்டால் ஆடுகிறவர்களுக்கு ஈடாக, பிறகு தங்களுக்குச் சாதகமாகச் செலவழிக்க ஹீரோ புள்ளி தர வேண்டும். கள்ளக்கணக்கு இல்லை.

எங்கள் குழுவிலுள்ள ஆசிரியர் ஒப்புக்கொள்ள மாட்டார். திரும்பத் திரும்ப வந்தால்தான் வில்லனுக்கு மதிப்பு என்பது அவர் கட்சி. சூரசம்ஹாரத்தையே சாட்சிக்கு அழைக்கிறார். அழைக்கட்டும். யானைமுகம், சிங்கமுகம் என்று தலை மாற்றி வரும் சூரனைப் பார்க்கத்தானே அத்தனை கூட்டமும் கால் கடுக்க நிற்கிறது? ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் வேல் ஒரு தலையை வாங்கிக்கொண்டுதான் விடுகிறது. வேல் பட்ட பிறகு படவில்லை என்று அங்கே யாரும் சாதிப்பதில்லை.

சாட்சிக்கு நான் இடும்பனை அழைப்பேன். அசுரர் படையில் உயிர் தப்பியவன். பிறகு அகத்தியருக்காக இரண்டு மலைகளைக் காவடியாகச் சுமந்து வந்தவன். பழனியில் படியேறுகிறவர்கள் வழியில் அவனையும் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். தப்பியவன் எதிரியாகத்தான் திரும்ப வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

அடுத்த ஞாயிறு, “மேகம் செல்லாது” என்று அறிவித்துவிட்டு அந்த இருபதிலிருந்தே தொடங்கினோம். எத்தனை புள்ளி குறையும் என்று பார்க்க, கத்திக்கு நான்குமுகப் பகடை. இருபது விழுந்ததால் இரண்டு பகடை. ஒன்று, ஒன்று. அவளுடைய கைத்திறனுக்கு மூன்று. ஆகமொத்தம் ஐந்து! ஆசிரியர் சிரித்த சிரிப்பில் டீ வரைபடத்தின் மேல் கொட்டியது. சுங்கக்காரன் தன் முறை வந்ததும் கிடங்குக்குத் தீ வைத்துவிட்டு ஓடினான். முதுகில் ஒரு வெட்டு வெட்ட அவளுக்கு உரிமை இருந்தது, தவறிவிட்டது. துரத்துவதா, தீயை அணைப்பதா என்று கேட்டேன். ஐந்து நிமிடம் சண்டை போட்டுக்கொண்டு, அணைத்தார்கள்.

அவன் விட்டுச்சென்ற கணக்குப் புத்தகம் இப்போது அவளிடம் இருக்கிறது. சுங்கப் பணத்தில் யார் யாருக்குப் பங்கு போனது என்று அதில் இருக்கிறது. நான் எழுதி வைத்திருந்த மூன்று வாரக் கதை குப்பைக்குப் போய்விட்டது.

என் நோட்டில் சுங்கக்காரன் பெயருக்கு நேரே பென்சிலில் 6 என்று இருக்கிறது. இன்னும் அழிக்கவில்லை.