பச்சை அனோல் அழியவில்லை, மேலே ஏறிவிட்டது
கியூபா, பஹாமாஸ் பக்கமிருந்து வந்த பழுப்பு அனோல் பல்லி நுழைந்தால் ஃபுளோரிடாவின் சொந்தப் பச்சை அனோல் அழிந்தே போகும் என்று நாம் கருத்துச் சொல்லிக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையில் இருப்பதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. படிக்கும் காலத்தில் ஒரு கோடை முழுக்க அங்கே இந்தப் பல்லிகளைப் பிடித்து அளக்கும் வேலைதான் பார்த்தேன். தூண்டில் கழியின் நுனியில் நூல் சுருக்கு. அதைப் பல்லியின் கழுத்தில் மெல்ல மாட்டித் தூக்க வேண்டும், அப்புறம் அது உட்கார்ந்திருந்த உயரத்தை டேப் வைத்து அளக்க வேண்டும். கொசுக்கடி தனி. பழுப்பு எல்லாம் முழங்கால் உயரத்திலேயே கிடைத்துவிடும், பச்சைக்குக் கழுத்து வலிக்க அண்ணாந்து தேட வேண்டும். ஃபுளோரிடாவின் மஸ்கிட்டோ லகூன் என்ற காயலின் தீவுகளில் 1995-ல் ஆய்வாளர்கள் பழுப்பை விட்டுப் பார்த்தபோது சில மாதங்களிலேயே பச்சை மரத்தில் மேலே ஏறிவிட்டது. 2010-ல், சுமார் 20 தலைமுறைக்குள், பற்றி ஏற உதவும் அதன் விரல் திண்டுகளே பெரிதாகியிருந்தன. எண்ணிக்கை குறையத்தான் செய்கிறது, அதை மறுக்கவில்லை. இங்கே முந்தைய கருத்தில் ஒருவர், ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் தன் தோட்டத்தில் பழுப்பு மட்டும்தான் என்கிறார். சரி, ஆனால் குளிரிலோ பயத்திலோ பச்சையும் பழுப்பாகிவிடும். மூக்கு நீளமா, முதுகில் கோலம் இல்லையா என்று பாருங்கள், அப்படியிருந்தால் அது பச்சைதான். முதல் வாரம் நாங்களே ஏமாந்தோம்.