பெரியம்மாவின் டிஸ்சார்ஜ் சீட்டில் இல்லாத ஒரு வார்த்தை

வேலூரில் என் பெரியம்மா வீடு ஷீட் போட்ட வீடு. மத்தியானம் அந்த ஷீட் எப்படிக் காயும் என்று வெளியே நிற்பவனுக்கும் தெரியும். ராத்திரி அது என்ன செய்யும் என்பது உள்ளே படுப்பவர்களுக்குத்தான் தெரியும். போன மே மாதம் இரண்டு நாள் அங்கே தங்கினேன். பதினோரு மணிக்குக்கூட குழாயைத் திறந்தால் வெந்நீர். சுவரில் முதுகைச் சாய்க்க முடியவில்லை. டேபிள் ஃபேன் அனலை அள்ளி அள்ளி எங்கள் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. பெரியம்மா ஈரத்துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு, "இதுக்கே இப்படிச் சொல்றியே, கத்திரி இன்னும் முடியல" என்று சிரித்தார்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் அண்ணன் கூப்பிட்டார். விடியற்காலையில் எழுந்த பெரியம்மா, இறந்து ஒன்பது வருஷமான பெரியப்பாவுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாராம். பேச்சு குழறியிருக்கிறது. பக்கவாதம் என்று பயந்து ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு "சோடியம் ரொம்ப இறங்கிடுச்சு" என்றார்கள். சோடியம் என்றால் ரத்தத்தில் இருக்கும் உப்பு. நான்கு நாள் படுக்கையில் இருந்து தெளிந்து வந்தார்.

டிஸ்சார்ஜ் சீட்டை வாட்ஸப்பில் வாங்கிப் படித்தேன். சோடியம், பிரஷர், சர்க்கரை, தலை ஸ்கேன், மாத்திரைப் பட்டியல் எல்லாம் இருக்கிறது. வெயில் என்ற வார்த்தை மட்டும் எங்கேயும் இல்லை. எந்த மாதிரி வீட்டில் படுக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை என்றார் அண்ணன்.

நடந்தது இதுதான். பெரியம்மா பல வருஷமாக பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அதில் ஒன்று நீர் பிரிவதற்கானது. சிறுநீரோடு உப்பையும் வெளியேற்றுவதுதான் அதன் வேலையே. வியர்வையிலும் உப்பு போகிறது. பிரஷர் என்பதால் சாப்பாட்டிலும் உப்பைக் குறைத்தாயிற்று. இந்த நேரம் பார்த்து டிவியில் "நிறைய தண்ணீர் குடியுங்கள்" என்று சொல்ல, அவரும் சொன்ன பேச்சைக் கேட்டு சொம்பு சொம்பாக வெறும் தண்ணீரைக் குடித்திருக்கிறார். ரத்தத்தில் மிச்சமிருந்த உப்பும் அதில் நீர்த்துப்போயிற்று. 20 வயதுப் பையனுக்கு நல்லதான அறிவுரை இவரைப் படுக்கையில் தள்ளிவிட்டது.

அதனால்தான் வெயில் காலம் வந்தால் நாம் செய்கிற காரியங்களைப் பார்த்து எனக்கு எரிச்சல் வருகிறது. தண்ணீர்ப் பந்தல் வைக்கிறோம். ரிப்பன் வெட்டி, தர்பூசணி கொடுத்து, போட்டோ எடுத்து, பத்தாம் நாள் பானை காலி. நல்ல காரியம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பந்தல் இருப்பது ரோட்டில், பகலில். என் பெரியம்மா விழுந்தது வீட்டுக்குள், ராத்திரி.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம். வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் வெயிலால் இறந்தார் என்று எழுதித்தர ஒருவர் வேண்டுமே. பிழைத்தவர் சீட்டிலேயே வெயிலைக் காணோம். இறந்திருந்தால் 'மாரடைப்பு' என்று எழுதி முடித்திருப்பார்கள். வானிலை மையத்தின் கணக்கும் வேறு. சமவெளியில் வெப்ப அலை என்றால் 40 டிகிரியைத் தொட வேண்டும், வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடவும் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் 45 டிகிரியையாவது தொட வேண்டும். வழக்கமாகவே 39 அடிக்கிற ஊரில் 43 அடித்தால் அந்தக் கணக்குப்படி அது வெப்ப அலை இல்லை! உடம்புக்கு இந்தக் கழித்தல் கணக்கெல்லாம் தெரியாது.

அகமதாபாத்தில் 2010 மே மாதம் 46.8 டிகிரி அடித்தது. அந்த மாதத்து இறப்புப் பதிவுகளை 2009, 2011 மே மாதங்களோடு பின்னால் ஒப்பிட்டுப் பார்த்தபோது 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தது தெரிந்தது. சான்றிதழில் என்ன எழுதியிருந்தாலும் பிணங்களின் எண்ணிக்கை பொய் சொல்லாது. அதன் பிறகுதான் 2013-ல் அந்த மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது; தெற்காசியாவிலேயே அது முதலாவது. பிரான்சுக்கு இந்தப் பாடம் 2003 ஆகஸ்டில் கிடைத்தது. சுமார் 15 ஆயிரம் பேர் செத்தார்கள், பெரும்பாலும் வயதானவர்கள், பலர் தனியாக இருந்தவர்கள். அடுத்த வருஷமே அங்கே சட்டம் போட்டார்கள். உதவி தேவைப்படும் முதியவர்களின் பெயர்ப் பட்டியல் ஒவ்வொரு ஊர் மேயர் அலுவலகத்திலும் இருக்க வேண்டும். எச்சரிக்கை வந்தால் பட்டியலைப் பார்த்துத் தேடிப் போக வேண்டும்.

சரி, நாம் அப்படி ஒரு பட்டியல் தயாரிக்க எத்தனை வருஷம் ஆகும்? நம் கையில்தான் ஏற்கெனவே இருக்கிறதே! 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், பிரஷர், சர்க்கரைக்காரர்களுக்கு வீடு தேடி மாத்திரை வருகிறது. யார் வீட்டில் யாருக்கு என்ன மாத்திரை என்பது அந்தத் தெருவுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலர் அக்காவுக்குத் தெரியும். அது ஷீட் வீடா, மாடி வீடா, துணைக்கு ஆள் உண்டா என்பதும் தெரியும். கர்ப்பிணிகளுக்கு, கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும்போது தரும் பிக்மி எண் இருக்கிறது. தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறக்கும் ஆபத்து இரண்டு மடங்கு என்று வந்தது. வயலிலும் செங்கல் சூளையிலும் நிற்கும் அந்தப் பெண்களின் போன் நம்பரும் அரசிடம் இருக்கிறது.

மார்ச் மாதத்திலேயே, நீர் மாத்திரை சாப்பிடும் பெரியவர்களை ஒருமுறை டாக்டரிடம் காட்டி அளவைச் சரிபார்க்க வைக்கலாம். (தயவுசெய்து நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அது இதைவிடப் பெரிய வம்பு.) அனல் கூடும் நாளில் அந்த அக்கா பத்து வீட்டுக்கு போன் போட்டு இரண்டு கேள்வி கேட்கலாம்: ராத்திரி தூங்கினீங்களா, ஒண்ணுக்கு சரியாப் போகுதா. 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதையும் அவர் சொன்னால்தான் எங்கள் வீட்டில் நம்புவார்கள். ஆனால் ஊக்கத்தொகை என்ற பெயரில் கிடைக்கும் சொற்பக் காசுக்கு இந்த வேலையையும் அவர் தலையில் கட்டினால் நான் சண்டைக்கு வருவேன். வெயிலில் தெருத்தெருவாக நடப்பவர் அவர்தான். முதலில் அவருக்குச் சம்பளம், அப்புறம் வேலை.

இந்த வருஷம் பெரியம்மாவின் மாத்திரையை டாக்டர் மாற்றிக் கொடுத்திருக்கிறார். அண்ணன் ஷீட் மேலே இரண்டு கோட் சுண்ணாம்பு அடித்தார். உள்ளே வித்தியாசம் தெரிகிறதா என்று நேற்று பெரியம்மாவிடம் போனில் கேட்டேன். "தெரியுது. ஆனா மாடி வீட்டுக்காரி கண்ணு கூசுதுன்னு சண்டைக்கு வர்றா" என்றார்.