"முதல் ஆறு மாசம் எல்லாருக்கும் இப்படித்தான்"

போன வாரம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் யூனிஃபார்மைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். புதிதாக நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ரொம்ப நேரம் கிளிப்பை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தவள் கடைசியில் கேட்டாள். "அக்கா, டிப்ரஷனுக்கு மாத்திரை எடுக்கிறது தெரிஞ்சா வேலையை விட்டு அனுப்பிடுவாங்களா?"

இந்தக் கேள்வியை அவள் எத்தனை நாள் மனசுக்குள்ளேயே வைத்திருந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் என்னிடமும் இதே கேள்வி இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. அதனால்தான் இன்று இதை எழுதுகிறேன். என் பேட்ச் தோழிகள் படிப்பீர்கள், சொந்தக்காரர்களும் படிப்பீர்கள். பரவாயில்லை.

எனக்கு ஊர் சிவகாசி பக்கம். அப்பாவுக்கு அச்சாபீஸில் பைண்டிங் வேலை. பேங்க் லோன் போட்டு பி.எஸ்சி நர்சிங் முடித்து, கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆண்கள் மெடிக்கல் வார்டில் சேர்ந்தேன். இரண்டு வருட பாண்ட். ஒரிஜினல் சர்டிபிகேட்டை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நைட்டில் 34 பேஷண்டுக்கு நாங்கள் இரண்டு பேர். இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் அளவு பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ். அதை நாங்கள் பரீட்சைக்கு எழுதியதோடு சரி.

இரண்டாவது மாதம் பசி போனது. மூன்றாவது மாதம் குளிக்கப் போவதே பெரிய வேலையாகத் தெரிந்தது. யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வந்தது. "முதல் ஆறு மாசம் எல்லாருக்கும் இப்படித்தான், பழகிடும்." அன்போடுதான் சொன்னார்கள். அது பொய்யும் கிடையாது. கல்லூரியில் படித்த நர்சிங்குக்கும் வார்டில் நடக்கும் நர்சிங்குக்கும் இடையில் புது நர்ஸ் மாட்டிக்கொண்டு தவிப்பதற்கு, 1974-லேயே அமெரிக்காவில் மார்லீன் கிரேமர் என்பவர் 'ரியாலிட்டி ஷாக்' என்று பெயர் வைத்துவிட்டார். அவரும் நர்ஸ்தான். ஆக, எல்லாருக்கும் வருவதுதான் எனக்கும் வந்திருக்கிறது என்று நான் முழுசாக நம்பினேன். அந்த நம்பிக்கைதான் என்னை ஐந்து மாதம் டாக்டரிடம் போகவிடாமல் வைத்தது.

புது வேலையின் அலுப்புக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள வித்தியாசத்தை இப்போது கேட்டால் சொல்வேன். அலுத்துப் போனவள் வீக் ஆஃப் வந்தால் பத்து மணி நேரம் தூங்குவாள், எழுந்து பிரியாணி கேட்பாள். நான் ஆஃப் அன்றைக்கும் விடிவதற்கு முன்னால் விழித்துக்கொண்டு ஃபேனையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். நைட் டூட்டி பார்த்து உடம்பு மாறிவிட்டது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். சாக வேண்டும் என்று நினைத்ததில்லை. நாளைக்கு எழுந்திருக்காமலே இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று மட்டும் அடிக்கடி தோன்றும். இதுவும் நோயின் அறிகுறிதான், டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது என்பது எனக்குப் பாடத்திலேயே இருந்தது. மூன்றாம் வருடம் மனநலச் செவிலியம் படித்து, டிப்ரஷன் நோயாளிக்கு கேர் பிளான் எழுதி, வைவாவில் நல்ல மார்க் வாங்கியவள் நான். என் பெயரை அந்த கேர் பிளானில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் அந்த விடியற்காலை.

ஆறு மணி ஆன்டிபயாடிக் நேரம். பைப்டாஸ் மருந்துக் குப்பியில் தண்ணீர் ஏற்றி, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். அது சீக்கிரம் கரையாது, உருட்டிக்கொண்டேதான் இருக்க வேண்டும். லேபிளைப் படித்தேன். திரும்பவும் படித்தேன். எழுத்து கண்ணில் படுகிறது, மனசில் ஏறவில்லை. கேஸ் ஷீட்டைப் பார்த்தேன், 12-ஆம் பெட்டுக்கு ஆறு மணி டோஸுக்கு நேராகக் கையெழுத்து இல்லை. டிரேயை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெரியவரின் கையைப் பிடித்து மருந்து ஏற்றக் குத்தியிருந்த வென்ஃப்ளான் குழாயின் மூடியைத் திறந்தேன். கீழே பாய் விரித்துப் படுத்திருந்த அவருடைய மகள் தலையைத் தூக்கிச் சொன்னாள். "இப்பத்தானே சிஸ்டர் போட்டுட்டுப் போனீங்க."

போட்டிருந்தேன். டிராலியில் காலி மருந்துக் குப்பி இருந்தது. கையெழுத்துப் போடவில்லை, போட்ட ஞாபகமும் இல்லை.

அந்த நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது வேறு மருந்தாக இருந்திருந்தால்? இன்சுலினாக இருந்திருந்தால்? அன்று அடுத்த ஷிப்ட்டிடம் வார்டை ஒப்படைத்து ஓவர் கொடுத்துவிட்டு டிரெஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. கவனமும் ஞாபகமும் சிதறுவது மனச்சோர்வின் அறிகுறி. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் ஒவ்வொரு ஊசிக்கும் சரிபார்க்க வேண்டிய வேலை நம்முடையது. மாத்திரை சாப்பிடும் நர்ஸைப் பார்த்து ஊர் பயப்படுகிறது. என்னைக் கேட்டால், நோய் இருந்தும் ஒரு மாத்திரைகூடப் போடாமல் வார்டில் நின்றேனே, அந்த ஐந்து மாதம்தான் பயப்பட வேண்டிய காலம்.

அன்றைக்கே இன்சார்ஜ் சிஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன். இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதினோம். மேலே இருந்த ஒரு மேடம், "மனசு இவ்வளவு வீக்கா இருக்கிறவங்க எதுக்கு இந்த ஃபீல்டுக்கு வர்றீங்க? கல்யாணம் பண்ணிக்கோ, எல்லாம் சரியாயிடும்" என்றார். அதை நான் இன்னும் மறக்கவில்லை. இன்சார்ஜ் சிஸ்டர் எதுவும் சொல்லாமல் என்னை வெளியே கூட்டிவந்து, கேன்டீனில் இரண்டு இட்லி வாங்கிக் கொடுத்து, சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம் கேட்டார். "எத்தனை நாளா இப்படி இருக்கு?" எனக்கு முதல் சிகிச்சை கொடுத்தவர் அவர்தான் என்றே நினைக்கிறேன்.

அடுத்த நாள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு ஓபிக்குப் போனேன். சீட்டுக்கும் காசு இல்லை, மாத்திரைக்கும் காசு இல்லை. துப்பட்டாவை முகத்துக்குப் பாதி இழுத்துவிட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று. டாக்டர் முதலில் தைராய்டுக்கும் ஹீமோகுளோபினுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு குறைந்தாலும், ரத்தம் குறைந்தாலும் இதே மாதிரி சோர்வு வரும். நம் வீட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு ரத்தம் பற்றாது என்பதை யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. எனக்கு இரண்டும் நார்மல். டிப்ரஷனுக்கான எஸிடாலோபிராம் மாத்திரையை 5 மில்லிகிராமில் ஆரம்பித்து, ஒரு வாரம் கழித்து 10 ஆக்கினார்கள்.

இந்த மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் முதல் பத்து நாளிலேயே விட்டுவிடுகிறார்கள். எனக்கு முதல் வாரம் குமட்டல், ஒரு மாதிரி படபடப்பு, தூக்கமும் கெட்டது. மனசில் ஒரு மாற்றமும் இல்லை. இது இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் வேலை செய்ய ஆரம்பிக்கும், முழுப் பலன் தெரிய இன்னும் கூட நாள் ஆகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தேன். நாலாவது வாரம் ஒருநாள், மெஸ்ஸில் வத்தக்குழம்பின் வாசனை மூக்கில் ஏறியது. எத்தனை மாதம் கழித்து! தட்டை வைத்துக்கொண்டு அழுதேன். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், திடீரென்று நிறுத்தக் கூடாது, குறைப்பதென்றால் டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். ஷிப்ட் மாறிக்கொண்டே இருப்பதால் எந்த டூட்டியாக இருந்தாலும் மதியம் இரண்டரைக்கு என்று ஒரே நேரம் வைத்துக்கொண்டேன், போனில் அலாரம்.

நர்ஸுகளுக்கு மட்டும் ஒன்று. மருந்து எப்போதும் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. தூக்கம் வரவில்லை என்று வார்டில் மிஞ்சியதை எடுத்துப் போட்டுக்கொள்வது, தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்குவது இரண்டுமே வேண்டாம். எனக்கே அந்த எண்ணம் வந்திருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன். என் மாத்திரையைக்கூட முதல் இரண்டு மாதம் ரூம்மேட்தான் வைத்திருந்து எடுத்துக் கொடுத்தாள்.

இன்சார்ஜ் சிஸ்டர் என் ரோஸ்டரில் செய்தது பெரிய விஷயம் இல்லை. தொடர்ந்து ஆறு நைட் போடுவதற்குப் பதில் மூன்று போட்டார். நைட் முடித்தவுடன் மறுநாளே மார்னிங் டூட்டிக்குக் கூப்பிடவில்லை. ஊசி நேரத்தில் இரண்டு மாதம் ஒரு சீனியர் பக்கத்தில் நின்று கூடவே செக் பண்ணினார். ஒரு பைசா செலவில்லை. இதை ஒரு நல்ல மனுஷியின் தயவாக விட்டுவைக்காமல், புதிதாகச் சேரும் எல்லாருக்கும் முதல் ஆறு மாதத்துக்கு விதியாகவே வைத்தால் என்ன? எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தே ஒவ்வொரு பேட்ச்சையும் அதே கிணற்றில் இறக்கிவிடுவது என்ன நியாயம்?

சம்பளத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. என் முதல் சம்பளம் 13,500. லோன் தவணையும் ஹாஸ்டலும் போக மிச்சத்தை வைத்துக்கொண்டு "ஸ்ட்ரெஸ் ஆகாதே" என்று கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

அம்மாவிடம் சொல்லத்தான் கடைசிவரை பயந்தேன். "நாலு பேருக்குத் தெரிஞ்சா வரன் எப்படிம்மா வரும்" என்றுதான் முதலில் கேட்டார். ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்தார். "எனக்கு சுகர் மாத்திரை, உனக்கு இந்த மாத்திரை. நேரத்துக்குப் போட்டியா?" இன்றுவரை தினமும் இரண்டே முக்காலுக்கு அந்த போன் வருகிறது.

சரி, தங்கச்சி கேட்ட கேள்விக்கு வருகிறேன். நம் சிகிச்சை விவரத்தை நம்மைக் கேட்காமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை தருபவர்களைக் கட்டுப்படுத்துகிறது. யாரிடம் சொல்வது என்பது உன் முடிவு. எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, ரோஸ்டர் போடுகிறவர் நம்பத் தகுந்தவராக இருந்தால் அவரிடம் மட்டும் சொன்னால் போதும். எல்லா நிர்வாகமும் நல்லபடியாக நடந்துகொள்ளும் என்று நான் உனக்கு உத்தரவாதம் தர முடியாது. ஆனால் நான் மாத்திரை போட்டுக்கொண்டேதான் பாண்ட் முடித்தேன், போட்டுக்கொண்டேதான் இப்போது இருக்கும் இடத்தில் இன்டர்வியூ முடித்துச் சேர்ந்தேன். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416-க்கு அடி, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். இல்லையென்றால் என் ரூம் கதவைத் தட்டு.

வியாழக்கிழமை இருவருக்கும் நைட் முடிகிறது. ஓவர் கொடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறி ஓபிக்குப் போகிறோம். ஆதார் கார்டை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே பெஞ்ச் சீக்கிரம் நிரம்பிவிடும், எட்டு மணிக்குள் போய்விட வேண்டும்.