அடுத்த வீட்டில் கோல் விழுந்துவிட்டது

திரை ஓரத்தில் சிவப்பில் ‘லைவ்’ என்று போட்டிருப்பதை நம்புவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். ஆப்பில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து பார்க்கிற எல்லோருக்கும் இது தெரிந்த சங்கதிதான். நம் திரையில் பந்து இன்னும் நடுக்களத்தில் உருண்டுகொண்டிருக்கும். மாடி வீட்டில் டிஷ் வைத்திருக்கிற அண்ணன் அதற்குள் கத்திவிடுவார். அவர் ஆர்சனல் ரசிகர். கத்தல் நீளமாக வந்தால் ஆர்சனல் அடித்திருக்கிறது. நாற்காலி இழுபடும் சத்தம் மட்டும் வந்தால் வாங்கியிருக்கிறது. அப்புறம் நான் அரை நிமிடம் உட்கார்ந்து, ஏற்கனவே தெரிந்துவிட்ட கோலுக்காகக் காத்திருக்க வேண்டும்.

காரணம் எளிது. இணையத்தில் வரும் வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக வெட்டித்தான் அனுப்புகிறார்கள். நம் ஆப் அதில் சில துண்டுகளைக் கையிருப்பாகச் சேர்த்துக்கொண்ட பிறகே ஓட்டத் தொடங்கும். நெட் நடுவில் இழுத்தாலும் படம் நிற்கக்கூடாது அல்லவா. ஸ்கோர் சொல்லும் ஆப்புக்கு அந்தச் சுமை இல்லை, நாலு எழுத்தை அனுப்பினால் போதும். அதனால் ஒரே போனில் மேலே ‘கோல்!’ என்று அறிவிப்பு வந்து விழும், கீழே அதே மேட்ச் கோல் விழாமல் ஓடிக்கொண்டிருக்கும். நோட்டிஃபிகேஷனை அணைத்து வைக்கலாமே என்பீர்கள். அணைத்தேன். அடுத்த அப்டேட்டில் தானாகவே ஆன் ஆகிவிட்டது. அந்த அப்டேட்டையும் சரியாக ஆட்டம் தொடங்கும் நேரத்தில்தான் கேட்கும். பாஸ்வேர்ட் கேட்கும், ஓடிபி அனுப்பியதாகச் சொல்லும், அது வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லும். எல்லாம் தாண்டினால் ‘இந்தக் கணக்கு வேறொரு கருவியில் பயன்பாட்டில் உள்ளது’. அந்தக் கருவி ஈரோட்டில் என் மச்சான் கையில் இருக்கிறது. அது வேறு கதை.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வாட்ஸப் குழுவில் நடப்பது. எங்கள் குழுவில் ஒருத்தன் துபாயில், ஒருத்தன் சிங்கப்பூரில், ரெண்டு பேர் கோவையில், ஒருத்தன் திருச்சூரில். ஒவ்வொருத்தனுக்கும் மேட்ச் ஒவ்வொரு நொடியில் ஓடுகிறது. துபாய்க்காரன் ‘அப்பட்டமான ஆஃப்சைடு’ என்று போடுவான் (பந்து தட்டப்படும்போதே எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி முன்னால் நிற்கிற தப்பு அது). கோவைக்காரன் திரையில் அப்போதுதான் கார்னர் எடுக்கிறார்கள். ‘கார்னர்ல நேரா வாங்கினா ஆஃப்சைடே கிடையாது, ரூல் தெரியாதா’ என்று இவன் பதில் போடுவான். ‘யாருக்குடா ரூல் தெரியாது’ என்று அவன். கொஞ்ச நேரத்தில் பேச்சு யாரோ ஒருத்தனின் ஃபைனல் இயர் அரியர் வரைக்கும் போய்விடும். ரெண்டு பேர் சொன்னதும் சரிதான். ஆனால் ரெண்டு பேரும் பேசியது வேறு வேறு நிமிடத்தைப் பற்றி.

சரி, நாம்தான் ஓசி நெட்டில் பார்க்கிற கூட்டம். கோடி கோடியாகக் கொட்டி வைத்திருக்கும் விஏஆர் அறையிலும், அதாவது வீடியோ பார்த்துக் களத்து நடுவரின் முடிவைச் சரிபார்க்கிற அறையிலும், இதே கூத்து நடந்தது.

2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம் – லிவர்பூல். நமக்கு இரவு பத்து மணி ஆட்டம். லிவர்பூலின் கர்ட்டிஸ் ஜோன்ஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போயாயிற்று. மிச்சம் பத்துப் பேர் ஆடிக்கொண்டிருக்கும்போது 34-ஆவது நிமிடத்தில் லூயிஸ் டியாஸ் அடித்த பந்து வலைக்குள் போனது. லைன்ஸ்மேன் கொடி தூக்கினார். அறையில் கோடு போட்டுப் பார்த்தார்கள், டியாஸ் ஆன்சைடு, கோல் செல்லும். கேமரா சரி, கோடு சரி, கணக்கும் சரி. ஆனால் அறையில் உட்கார்ந்திருந்தவர் களத்தில் கோல் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பிலேயே ‘செக் கம்ப்ளீட்’, அதாவது களத்து முடிவே சரி, என்று சொல்லிவிட்டார். களத்து நடுவர் அதைக் கேட்டு, கொடி சரிதான் போலிருக்கிறது என்று ஃப்ரீ கிக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். ரீப்ளே ஓட்டுகிற ஊழியர்தான் முதலில் பதறினார்: களத்தில் கொடுத்தது ஆஃப்சைடு ஆச்சே, இது உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். அதற்குள் பந்து உருண்டுவிட்டது, விதிப்படி இனி ஒன்றும் செய்ய முடியாது. இஞ்சுரி டைமில் மாட்டிப் அடித்த சேம் சைடு கோலில் லிவர்பூல் 2-1 என்று தோற்றது.

அறையில் இருந்தவர் பெயரை நான் எழுதவில்லை. அந்த வாரம் அவர் வாங்கியதே போதும்.

என் ஆதங்கம் இதுதான். ‘களத்தில் என்ன முடிவு கொடுத்தீர்கள்?’ என்று ஒரு வரி கேட்டிருந்தால் முடிந்திருக்கும். நம்மிடம் படத்துக்குக் குறைச்சலே இல்லை. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று எதிராளியிடம் கேட்டுக்கொள்கிற பழக்கம்தான் இல்லை. ஆனால் ஒவ்வொரு சர்ச்சைக்குப் பிறகும் கால்பந்து உலகம் கூடுதலாக ஒரு கேமராவைத்தான் வாங்குகிறது. 2022 கத்தார் உலகக் கோப்பையில் பந்துக்குள்ளேயே சென்சார் வைத்தார்கள், நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பும். 2025 ஏப்ரலிலிருந்து பிரீமியர் லீக்கிலும் ஆஃப்சைடைப் பாதி தானாகவே கண்டுபிடிக்கிற தொழில்நுட்பம் வந்துவிட்டது, அதற்குப் படம் பிடிப்பது ஐபோன் கேமராக்கள். நல்லதுதான், கோடு போடுகிற நேரம் மிச்சம். ஆனால் டியாஸ் விஷயத்தில் கோடு சரியாகத்தானே இருந்தது?

விஏஆரை ஒழித்துக்கட்ட வேண்டும் என்கிற கட்சியில் நான் இல்லை. 2024 ஜூனில் பிரீமியர் லீக் அணிகள் கூட்டத்தில் உல்வ்ஸ் அணி அப்படி ஒரு தீர்மானம் கொண்டுவந்து 19-1 என்று தோற்றது. நான் ஓட்டுப் போட்டிருந்தாலும் 19 பேர் பக்கம்தான். (அடுத்த மாதமே நார்வேயில் ரோசன்போர்க் – லில்லஸ்ட்ரோம் ஆட்டத்தில் ரசிகர்கள் விஏஆரை எதிர்த்து மைதானத்துக்குள் மீன் கட்லெட் வீசி ஆட்டத்தையே கைவிட வைத்தார்கள். எதிர்ப்பைக் குறை சொல்லவில்லை, கட்லெட்டை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை.)

கிரிக்கெட்டைப் பாருங்கள். அம்பயர் முடிவை மறுபரிசீலனை செய்யும் டிஆர்எஸ் தப்பே செய்யாது என்று யாரும் சொல்லமாட்டோம். ஆனால் மூன்றாவது அம்பயர் பேசுவது நமக்குக் கேட்கிறது. பேட்டில் பட்டதா பார்ப்போம், அல்ட்ராஎட்ஜ் காட்டுங்கள், பால் டிராக்கிங் போகலாம் என்று படிப்படியாகச் சொல்லிக்கொண்டே போகிறார். முடிவு பிடிக்காவிட்டாலும் எந்தப் படியில் நமக்கும் அவருக்கும் முரண் என்று தெரிகிறது. கால்பந்தில் ஸ்டேடியமே வாய் பார்த்து நிற்கும், நடுவர் காதில் விரல் வைத்து நிற்பார். இங்கிலாந்தில் முதன்முதலாக 2025 ஜனவரியில்தான், லீக் கோப்பை அரையிறுதியில், நடுவர் மைக்கில் முடிவை அறிவித்தார். அதுவும் முடிவை மட்டும். அறைக்குள் என்ன பேசினார்கள் என்பதை நேரலையில் கேட்க இன்னும் அனுமதி இல்லை.

நம் ஊர் உதாரணமும் இருக்கிறது. 2023 மார்ச் 3, பெங்களூரு, இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) பிளே-ஆஃப். கூடுதல் நேர ஆட்டத்தில் பெங்களூருவின் சுனில் சேத்ரி, கேரளா பிளாஸ்டர்ஸ் வீரர்கள் பந்தை மறிக்க வரிசையாக நின்று சுவர் கட்டி முடிப்பதற்குள் ஃப்ரீ கிக்கை உள்ளே அனுப்பிவிட்டார். பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் வுகோமனோவிச் அணியைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார். பிளாஸ்டர்ஸுக்கு 4 கோடி ரூபாய் அபராதம். விசிலும் வேண்டாம் சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் சொல்லிவிட்டுத்தான் அடித்தேன் என்றார் சேத்ரி. எத்தனை கோணத்தில் ரீப்ளே போட்டாலும் அந்தப் பேச்சு படத்தில் தெரியாது. அன்றைக்கு ராத்திரி எங்கள் திருச்சூர் நண்பன் குழுவை விட்டே போய்விட்டான். அவன் மஞ்சப்படை ஆள் (பிளாஸ்டர்ஸ் ரசிகர் கூட்டம்), மற்ற எல்லோரும் சேத்ரி பக்தர்கள். அவனிடம் என்ன நடந்தது என்று கேட்காமல் மீம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தோம். அப்புறம் சிங்கப்பூர்க்காரன்தான் போன் போட்டுப் பேசித் திரும்பக் கூட்டி வந்தான்.

மீமோடு நின்றால் பரவாயில்லை. 2021 ஜூலை 11, வெம்ப்ளியில் யூரோ இறுதிப் போட்டி. பெனால்டி தவறவிட்ட இங்கிலாந்து வீரர்கள் ராஷ்ஃபோர்ட், சான்சோ, சாக்கா மூன்று பேர் மீதும் விழுந்த இனவெறி வசவுகள் நினைவிருக்கும். சாக்காவுக்கு அப்போது 19 வயது. ஆளே தெரியாத போலிக் கணக்குகள் செய்யும் வேலை இது என்றுதான் எல்லோரும் சொன்னோம். ட்விட்டரே பிறகு வெளியிட்ட கணக்குப்படி, நிரந்தரமாக முடக்கப்பட்ட அந்தக் கணக்குகளில் 99 சதவீதம் உரிமையாளர்கள் அடையாளம் காணக்கூடியவர்கள். அடையாளத்தைக் காட்டினால் மரியாதை தானாக வரும் என்று சொல்பவர்களை அதற்குப் பிறகு என்னால் நம்ப முடியவில்லை.

எங்கள் குழுவில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஆட்டம் நடக்கும்போது எதைப் போட்டாலும் முதலில் உன் திரையில் ஓடுகிற நிமிடத்தைப் போடு. ‘63, இது பெனால்டி இல்லையா?’ அவ்வளவுதான். பின்தங்கியவன் அந்த நிமிடம் வரும்வரை வாயைத் திறக்கமாட்டான். சண்டை ஒன்றும் நின்றுவிடவில்லை. துபாய்க்காரன் இன்னமும் எல்லா நடுவரும் மான்செஸ்டர் சிட்டிக்கு வேலை பார்க்கிறார்கள் என்றுதான் சொல்கிறான். ஆனால் அரியர் பேச்சு வருவதில்லை.

விஏஆர் அறை மைக்கையும் நேரலையில் திறந்து விட்டால் என்ன? பேசுகிறவர்களுக்கு அழுத்தம் கூடும், வாய் தவறி ஏதாவது வந்துவிடும் என்பார்கள். டியாஸ் கோல் ஒலிப்பதிவைச் சில நாள் கழித்து வெளியிட்டார்கள் அல்லவா, அதில் தன் தப்பு புரிந்த நொடியில் அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வருகிறது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அவர் மேல் இருந்த கோபமே போனது. நம்மில் ஒருத்தன் மாதிரிப் பதறியிருக்கிறார் பாவம்.

லிவர்பூல் ரசிகர்கள் இதை ஒத்துக்கொள்ளமாட்டீர்கள் என்று தெரியும். கமெண்டில் வாருங்கள், எந்த மேட்ச், எந்த நிமிடம் என்று முதலில் போட்டுவிட்டு.