தடித்த ஆயில் கசிவை நிறுத்தாது

"சிங்கப்பூர் வெயிலுக்குத் தடித்த ஆயில் ஊற்றுங்கள், மோரிஸ் மைனர் கசிவு நின்றுவிடும்" என்று, அந்தப் பழைய பிரிட்டிஷ் காரைப் பற்றி ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் செய்துவிடக் கூடாது.

ஓடும் எஞ்சினின் சூட்டைத் தீர்மானிப்பது வெளி வெயில் அல்ல, குளிர்விக்கும் நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். அந்த எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 என்ற தடிமன் அளவுள்ள ஆயில் போதும். அதைவிடத் தடித்தால், ஸ்டார்ட் செய்ததும், சுழலும் பாகங்களைத் தாங்கும் பேரிங்குகளுக்கு ஆயில் தாமதமாகத்தான் போய்ச் சேரும். தேய்மானம் அங்கேதான் தொடங்குகிறது.

அந்த எஞ்சினில், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. திருகு மாதிரி வெட்டிய பள்ளம் ஒன்று, சுழலும்போது ஆயிலை உள்ளே தள்ளிவிடும், அவ்வளவுதான். எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும் டேப்பெட் மூடியில், உள்ளே சேரும் வாயுவை வெளியே விடும் பிரீதர் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, ஆயில் அந்தப் பள்ளத்தின் வழியாகவே வெளியேறும். முதலில் பிரீதரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள். செலவே இல்லாத வேலை. பிரீதர் சுத்தமாக இருந்தும் அழுத்தம் குறையவில்லையா? எரிவாயு கீழே கசியாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங்குகளைப் பார்க்க வேண்டும்.

அப்புறம், எஞ்சின் மேல்மூடியில் கசிவைத் தடுக்க வைக்கும் கார்க் கேஸ்கெட். கசிகிறதே என்று இறுக்கிக்கொண்டே போனால் கார்க் நசுங்கி இன்னும் மோசமாகும், மூடியும் வளையும். மேலே கசிவது பின்பக்கமாக வழிந்து இறங்கும். அதைப் பார்த்து கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனைதான் கசிகிறது என்று எஞ்சினையே இறக்கியவர்கள் உண்டு. எஞ்சினை நன்றாகத் துடைத்து, பவுடர் தூவி, வீட்டு புளோக்கைக் காரில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து பாருங்கள். ஈரம் எங்கே தொடங்குகிறதோ, அங்கேதான் கசிவு.